புத்தக அலமாரி நகராது

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் மரியாதை. ஆனால் நீயும் அத்தானும் நலமாக இருப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குளிர்கால விடுமுறை முழுவதும் பிள்ளைகள் என்னிடம் அல்லவா இருந்தார்கள்.

முதலில், அன்று நான் சொல்லாததைப் பதிவுசெய்துவிடுகிறேன். நீ தொலைபேசியில், "ஏய், பிள்ளைங்கள ஞாயித்துக்கிழமை ரயில்ல கூட்டிட்டு வந்து விடறோம். நீதான் வீட்லயே இருக்கியே" என்றாய். நான் வீட்டில் இருப்பது வேலை செய்வதற்கு என்று சொல்லவில்லை. பாலங்களின் வரலாற்றைச் சொல்லும் தலையணை கனத்துப் புத்தகம் ஒன்றுக்குப் பிழை திருத்திக்கொண்டிருக்கிறேன், விடுமுறை முடியும்போது அதைப் பதிப்பகத்தில் கொடுத்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் நீ அத்தான் பக்கம் திரும்பி, "அவ சரின்னுட்டா" என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நம் குடும்பத்தில் யாரும் யாரையும் எதையும் கேட்பதில்லை. சொல்வார்கள். உடனே மறுக்காவிட்டால் நாம் ஒப்புக்கொண்டதாகிவிடும். நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் அறைக்கு மஞ்சள் வண்ணம் முடிவானது இப்படித்தான். கல்லூரியில் நான் கணக்குப் படித்ததும் இப்படித்தான். நான் நிதானமாக யோசிக்கிறவள், அக்கா. இந்தக் குடும்பத்தில் அது பெரிய ஊனம்.

சரி, மூவரும் வந்தார்கள். இறங்கிய அன்றைக்கே நடுவன், ஏற்கெனவே நன்றாக வேலை செய்துகொண்டிருந்த என் ஹீட்டரை "இன்னும் நல்லா வேலை செய்ய" வைப்பதற்காகக் கழற்றினான், கழற்றியதை மாட்டியபோது மூன்று திருகாணிகள் மிச்சமாக நின்றன, "இதெல்லாம் சும்மா வெச்சிருக்காங்க சித்தி" என்று அவற்றை என் கையில் கொடுத்தான், அதிலிருந்து ஹீட்டர் காற்றை மட்டும் வீசியது, அதுவும் குளிர்ந்த காற்று, ஆகவே நால்வரும் இருந்த போர்வையையெல்லாம் போர்த்திக்கொண்டு சமையலறை அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தோம், குளிர் போக அவர்கள் குதித்தார்கள், குதித்ததும் கீழ்வீட்டு ஓய்வுபெற்ற பல் மருத்துவர் மேலே வந்து, "என் வீட்டு விளக்கு ஆடுதும்மா" என்றார், உடனே கடைக்குட்டி வாண்டு அவரிடம் வாயைத் திறந்து ஆடுகிற பல்லைக் காட்டி, "இதுவும் ஆடுது தாத்தா" என்றாள். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார், பிடுங்கினார், போனார். ஒரு நாள் இப்படி. மற்ற நாட்களை நீயே கணக்கிட்டுக்கொள்.

என் வேலைக்கு வருகிறேன். நான் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுவதைப் பார்த்த வாண்டு, நான் பால் வாங்கப் போயிருந்த நேரத்தில் எனக்கு உதவியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த எழுத்துகள் வந்த இடத்திலெல்லாம் வட்டம். தொங்குபாலங்கள் அத்தியாயம் முழுக்க அம்மை போட்டதுபோல் இருந்தது. பதிப்பக மேலாளருக்குத் தொலைபேசியில் சொல்லி மன்னிப்புக் கேட்டு அப்படியே அனுப்பினேன். மறுநாள் அழைத்தார். "பரவால்லம்மா, அந்த வட்டத்துல ஒண்ணு நிஜமாவே பிழைதான். நீங்க விட்டுட்டீங்க" என்றார். அதற்குப் பிறகு வாண்டை நான் எப்படி அதட்டுவது?

அருங்காட்சியகம் போனது தனிக்கதை. பழைய நாணயங்களின் விவரக் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தேன், கொஞ்சம் நேரம் ஆகியிருக்கலாம், அப்போது ஒலிபெருக்கியில், "சித்தி ஒருத்தங்க காணாமப் போயிட்டாங்க. பச்சை ஸ்வெட்டர், மூக்குக்கண்ணாடி. முகம் கோவமா இருக்கும், ஆனா கோவமில்லையாம். பார்க்கிறவங்க அலுவலகத்துக்குக் கூட்டிட்டு வரவும்" என்று அறிவித்தார்கள். முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒப்படைத்தார். காவலாளி உன் மகனிடம், "தம்பி, இனிமே கையை விடாம பாத்துக்கப்பா" என்றார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். பிள்ளைகள் என்றால் அப்படித்தான். புத்தகங்களைத் தலைகீழாக வைத்ததைக்கூட. ஆம், என் அலமாரியில் ஆங்காங்கே சில புத்தகங்கள் தலைகீழாக நிற்கின்றன, ஒன்று படுத்திருக்கிறது. யார் செய்தது என்று கேட்டேன், மூவரும் கூரையைப் பார்த்தார்கள்.

ஆனால் அருங்காட்சியகத்திலிருந்து திரும்பும் பேருந்தில் வாண்டு சொன்னதை நான் பொறுக்கமாட்டேன். "சித்தி, பள்ளிக்கூடம் திறந்ததும் அக்கா இங்கதான் வந்து படிக்கப் போறா. அம்மா சொன்னாங்க. அந்தப் பெரிய அலமாரிய வித்துட்டா கட்டில் போட்டுடலாமாம். இப்ப வந்தது சும்மா பழக்கத்துக்காம்." நான் பெரியவளைப் பார்த்தேன். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து மொத்தமாக ஒரு பக்கம் நிறையும் அளவுக்குக்கூட அவள் பேசவில்லை. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற சந்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள்.

ஆகவே, அக்கா, இப்போது எழுத்தில் சொல்கிறேன், நீ யாரிடம் திரும்பி என்ன சொன்னாலும் சரி: முடியாது. இது ஒரே அறை. இந்த அறைக்காக நான் எத்தனை வீட்டில், எத்தனை பேரோடு, எத்தனை பேர் தலைமுடி அடைத்த குளியலறையைப் பகிர்ந்துகொண்டு காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது, நீ கேட்டதில்லை. இங்கே கதவைச் சாத்தினால் சாத்தியபடி இருக்கும். அந்த அலமாரியைத் தச்சரோடு நின்று அளவு சொல்லிச் செய்தேன். அது நகராது. உன் மகள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. யாரும் என்னைக் கேட்காமல் என் வாழ்க்கைக்குக் கட்டில் போடுவது மட்டும் இனி நடக்காது. இதற்கு நீ பதில் எழுதாவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வேன். வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான்.

அத்தானுக்கு என் வணக்கம். பெரியவளுக்கும் நடுவனுக்கும் முத்தங்கள். வாண்டுக்கு முத்தத்தோடு ஒரு சிவப்புப் பென்சிலும். மூன்று திருகாணிகளையும் இத்துடன் அனுப்புகிறேன், வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
வீட்டிலேயே இருக்கும் உன் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பெரியவள் தொலைபேசியில் அழைத்தாள். "சித்தி, நான் அங்க படிக்க வரலன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றாள். சொல்லி முடிக்க எனக்கு இத்தனை பக்கம் தேவைப்பட்ட மறுப்பை அவள் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறாள். நான் மகிழ்ந்திருக்க வேண்டும். "ஏன்டி, இங்க என்ன குறை?" என்று கத்தினேன். "ஒரு குறையும் இல்ல. ஆனா உங்களயும் யாரும் கேக்கல, என்னயும் யாரும் கேக்கல. அதான்" என்றாள். பிறகு, "தலகீழா வெச்சதெல்லாம் படிச்சு முடிச்சது சித்தி. படுத்திருக்கறது பாதியில நிக்குது. அத மட்டும் எடுத்துடாதீங்க" என்றாள். நான் அவளிடம் முறையாகக் கேட்டேன்: "நீ இங்க வந்து என்கூட இருக்கியா?" யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

அதனால்தான் கடிதத்தை அனுப்பாமல் வைத்திருந்தேன். ஒரு வாரமாகிறது, அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. நம் வீட்டு வழக்கப்படி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, நேற்று பல் மருத்துவரும் நானுமாக அலமாரியைச் சமையலறைப் பக்கம் நகர்த்தினோம். கட்டில் வந்துவிட்டது.