ஜி.பி.எஸ். அக்காவின் ஓடும் முகாம்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஜி.பி.எஸ். அக்கா போட்டோ எடுக்காத இடம் ஒன்று இருந்தால், அது இன்னும் கண்டுபிடிக்கப்படாத இடமாகத்தான் இருக்க வேண்டும். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்கே வழி குழம்பினால் அக்காவுக்குத்தான் போன் போட்டுக் கேட்கும் என்று எங்கள் ஆபீஸில் சொல்லிக்கொள்வோம். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. என்னைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஊரே அப்படிக் கூப்பிடும்போது நான் ஒருவன் வயதைக் கணக்குப் பார்த்தால் நன்றாகவா இருக்கும்?

பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க அரசு கொடுக்கும் மானியத்தில் ஓடிய சின்னத் தொண்டு நிறுவனம் எங்களுடையது. பெரம்பலூரில் ஆபீஸ். அதன் பின்கட்டில், வீட்டில் அடி தாங்க முடியாமல் வந்த பெண்கள் தங்கும் இல்லம். ஊர் ஊராகப் போய் விழிப்புணர்வு முகாம் நடத்துவது அக்காவின் வேலை. அதைப் பற்றி அறிக்கை எழுதுவது என் வேலை. அக்கா வெயிலில் அலைவார். நான் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து 'பெண்கள் பெருந்திரளாகக் கலந்துகொண்டு பயன்பெற்றனர்' என்று தட்டச்சு செய்வேன். பன்னிரண்டு பேர் வந்தாலும் என் கணக்கில் பெருந்திரள்தான். அந்த வாக்கியத்தை எழுதி எழுதி, என் விரல்கள் என்னைக் கேட்காமலேயே அதை அடிக்கப் பழகியிருந்தன.

ஒவ்வொரு முகாமுக்கும் போட்டோ வேண்டும், அந்தப் போட்டோவில் இடமும் தேதியும் நேரமும் தானாகப் பதிந்திருக்க வேண்டும் என்று ஒருநாள் மேலிடத்து உத்தரவு வந்தது. அதற்கென்றே ஒரு ஆப் இருக்கிறது. மற்றவர்கள் மூன்று போட்டோ எடுத்துவிட்டுப் போனைப் பையில் போடுவார்கள். அக்காவும் அப்படித்தான் இருந்திருப்பார். ஆனால் முதல் மாதமே அவருடைய ஒரு முகாமின் போட்டோவில் இடம் பதியவில்லை என்று, அந்த முகாம் நடக்கவே இல்லை என எழுதி அனுப்பிவிட்டார்கள்.

"நாப்பது பொம்பளைங்கள உக்கார வச்சு ரெண்டு மணி நேரம் தொண்டத்தண்ணி வத்தப் பேசியிருக்கேன் சார். நடக்கவே இல்லங்கறாங்களே! அப்ப நான் என்ன சார், பேயா?"

அன்று பிடித்தது அவருக்கு இந்தப் போட்டோப் பைத்தியம். டீ குடித்தால் போட்டோ. பஸ்ஸுக்கு நின்றால் போட்டோ. பஸ் வராவிட்டால், வராத பஸ்ஸுக்கு ஒரு போட்டோ. காலையில் தாமதமாக வந்தால் மன்னிப்புக் கேட்கமாட்டார். அரியலூர் ரயில்வே கேட் மூடியிருந்த போட்டோவை மேஜையில் நீட்டுவார். அவர் வீட்டுக்காரர் பஞ்சர் கடை வைத்திருந்தார். "டீக்கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு சீட்டாடப் போக முடியல சார். போட்டோ அனுப்புங்கறா, அதுலயும் லொகேஷனோட" என்று என்னிடம் ஒருமுறை கண்கலங்கினார்.

அக்காவின் மகன் கல்யாணத்தில் நடந்ததை இன்றும் அந்தப் பக்கம் பேசுகிறார்கள். சிறுவாச்சூரில் கல்யாணம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டான். கெட்டிமேளம் முழங்குகிறது. மணப்பெண் குனிந்துவிட்டாள். அக்கா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கையை நீட்டி எல்லாரையும் நிறுத்தினார்.

"இருங்க, இருங்க! லொகேஷன் வரட்டும்!"

மண்டபத்தின் தகரக் கூரைக்கு அடியில் லொகேஷன் அவ்வளவு சுலபத்தில் வரவில்லை. மாப்பிள்ளை தாலியோடு நிற்க, நாதஸ்வரக்காரர் மூச்சு முட்டி முகம் சிவக்க, கூட்டம் வீசிய அட்சதை தீர்ந்துபோய்ச் சிலர் தரையில் கிடந்ததைப் பொறுக்கி மறுபடி வீசினார்கள். "அத்தை, கழுத்து வலிக்குது" என்று மணப்பெண் சொன்ன பிறகுதான் லொகேஷன் வந்தது.

இவ்வளவு போட்டோவை எந்தப் போன் தாங்கும்? 'இடம் இல்லை' என்று அது தினமும் அழும். அப்போதெல்லாம் அக்கா தன் குடும்பப் போட்டோக்களை அழிப்பார். மகன் கல்யாணப் போட்டோவில் தாலி கட்டியதைத் தவிர மற்றதெல்லாம் போனது. பேரனுக்கு மொட்டை அடித்தது போனது. ஆபீஸ் போட்டோ ஒன்றைக்கூட அவர் அழித்து நான் பார்த்ததில்லை. "குடும்பத்துல நடந்தத யாரும் நடக்கலன்னு சொல்லப் போறதில்ல சார்" என்பார்.

நாங்களெல்லாம் சிரித்தோம். சிரிப்பு நின்றது மலர்க்கொடி விஷயத்தில்தான். செந்துறைக்குப் பக்கத்துக் கிராமம் அவளுக்கு. இரண்டு குழந்தைகளோடு எங்கள் இல்லத்துக்கு வந்திருந்தாள். புருஷன் மீது வழக்கு. அவனோ, சம்பவம் நடந்ததாகச் சொல்லும் அன்று நான் திருப்பூரில் வேலையில் இருந்தேன் என்று சாதித்தான். அக்கா தன் போனில் தேடினார். அன்று செந்துறை பஸ் ஸ்டாண்டில் முகாம் பேனரைப் போட்டோ எடுத்திருந்தார். பேனருக்குப் பின்னால், அந்த ஆள் மலர்க்கொடியின் முடியைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. கீழே இடம், தேதி, நேரம். அந்த ஒரு போட்டோவை நம்பித்தான் அவளுடைய வழக்கு நடந்துகொண்டிருந்தது.

எங்கள் செயலாளருக்கு ஓர் ஆசை இருந்தது. ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் தன் கட்சி சீட்டு தர வேண்டும். சீட்டுக்குக் கூட்டம் காட்ட வேண்டும். கூட்டத்துக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு பஸ்ஸும் பிரியாணியும் வேண்டும். மீன்சுருட்டியில் கட்சிக் கூட்டம் அறிவித்தார்கள். அதே நாளில் செந்துறை சமுதாயக் கூடத்தில் வன்முறைத் தடுப்பு முகாம் என்று செயலாளர் மானியத்திலிருந்து பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் பணம் எடுத்தார். முகாமே நடக்கும் முன், முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, "ரிப்போர்ட்ட அடிச்சு வச்சிடுங்க" என்றார். நானும் அடித்துவைத்தேன். பெருந்திரளாகக் கலந்துகொண்டு பயன்பெற்றனர்.

அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. செந்துறையில் ஐம்பது பெண்களைத் திரட்டிக்கொண்டு காத்திருந்தார். பஸ் வந்தது. ஏறினார்கள். சமுதாயக் கூடம் வந்தது, பஸ் நிற்காமல் போனது. கண்ணாடியில் டிரைவர் ஒரு கட்சிக் கொடியை எடுத்துச் செருகினார்.

"ஏன் தம்பி, எங்க போவுது வண்டி?"

"மீன்சுருட்டிக்குங்க அக்கா. மீட்டிங்குக்கு."

அக்கா செயலாளருக்குப் போன் போட்டார். "போயிட்டு வந்துடும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அவர் வைத்துவிட்டார். இன்னொருவராக இருந்தால் இறங்கியிருப்பார், இல்லை சத்தம் போட்டிருப்பார், நானாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு பிரியாணி சாப்பிட்டிருப்பேன். அக்கா பையிலிருந்து பேனரை எடுத்தார். பஸ்ஸின் கம்பியில் ஒரு முனை, கடைசி சீட்டு ஜன்னலில் மறுமுனை கட்டினார். இன்று முகாம் என்றால் இன்று முகாம். சமுதாயக் கூடம் போனால் என்ன, சமுதாயம் பஸ்ஸுக்குள் இருக்கிறதே!

உடையார்பாளையம் வருவதற்குள் சட்டமெல்லாம் சொல்லி முடித்தார். உதவி எண்ணை ஐம்பது பேரையும் மூன்று முறை சொல்லவைத்தார். பிறகு நாடகம். எங்கள் முகாம்களில் யாராவது ஒருவர் குடிகாரப் புருஷனாக நடிக்க வேண்டும். பஸ்ஸில் ஆண் என்று சும்மா இருந்தது கண்டக்டர்தான்.

"நான் மாட்டேங்க்கா. எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல."

"அப்ப நல்லதாப் போச்சு. இப்பவே கத்துக்க. கைய ஓங்கு."

பாவம், அவர் கையை ஓங்கினார். பெண்டாட்டியாக நடிக்க வேண்டியது ஒருவர்தான். ஆனால் நான்கு சீட்டுப் பெண்கள் சேர்ந்து எழுந்தார்கள். ஜெயங்கொண்டத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது கண்டக்டருக்குச் சட்டையில் இரண்டு பட்டன் இல்லை. இது ஒவ்வொன்றையும் அக்கா போட்டோ எடுத்திருந்தார்.

மீன்சுருட்டி மேடையில் பேச்சாளர் முழங்கிக்கொண்டிருந்தார். "தாய்மார்களே, எல்லாரும் சேந்து சொல்லுங்க!" என்று கையைத் தூக்கினார். அவர் எதிர்பார்த்தது தலைவரின் பெயர். செந்துறைப் பெண்கள் ஐம்பது பேரும் எழுந்து, பஸ்ஸில் எடுத்த உறுதிமொழியைச் சொன்னார்கள்.

"அடிக்க விட மாட்டோம்! அடிச்சா விட மாட்டோம்!"

மற்ற ஊர்ப் பெண்களுக்கும் அது பிடித்துப்போனது. பந்தல் முழுக்கப் பரவிவிட்டது. பேச்சாளர் கொஞ்ச நேரம் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, அவரும் சொன்னாராம். அதற்கும் அக்காவிடம் போட்டோ உண்டு.

பத்து நாளில் யாரோ புகார் அனுப்பிவிட்டார்கள். வன்முறைத் தடுப்புப் பணத்தில் கட்சிக் கூட்டம் என்று. விசாரணைக்கு அதிகாரி வருவதாகத் தகவல் வந்ததும் செயலாளர் அக்காவைக் கூப்பிட்டார். நானும் கூட நின்றேன்.

"அந்த போட்டோ எல்லாத்தையும் அழிச்சிடும்மா. வெளிய தெரிஞ்சா மானியம் நிக்கும். மானியம் நின்னா இல்லத்த மூடணும். மலர்க்கொடி புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு அந்த ஆளு வூட்டுக்கே போவா. நீதான் அனுப்பி வைக்கற மாதிரி."

கெட்டிக்காரர்தான். குறி பார்த்து அடித்தார். அக்காவின் முகம் செத்துவிட்டது. போனை எடுத்து, அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அழிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அழிக்கட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன். என் அறிக்கையும் அதில் தப்பிக்குமே.

"முடியாதுங்க ஐயா," என்றார். "மலர்க்கொடி கேசுல என் போட்டோதான் சாட்சி. இன்னிக்கு உங்களுக்காக ஒண்ண அழிச்சேன்னா, நாளைக்கு அந்த ஆளு வக்கீலு கேப்பாரு, ஏம்மா, வேணுங்கறத வச்சிக்கிட்டு வேணாங்கறத அழிக்கறவதான நீன்னு. அப்ப நான் என்ன சொல்றது? அவளுக்காகத்தான் அழிக்கலங்க."

விசாரணை அதிகாரி ஓர் அம்மா. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். என் அறிக்கையை ஒரு கையிலும் அக்காவின் போட்டோக்களை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கினார்.

"ரிப்போர்ட்டுல செந்துறை சமுதாயக் கூடம்னு இருக்கு. இந்தப் போட்டோ உடையார்பாளையம். இது ஜெயங்கொண்டம். இது நடுரோடு. ஒரே முகாம் எப்படிம்மா இத்தன ஊர்ல நடந்துச்சு?"

"முகாம் ஓடிக்கிட்டே இருந்துச்சுங்க மேடம்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. பஸ் எங்கே கிளம்பியது, எங்கே போயிற்று, கொடி எப்போது ஏறியது, யார் போனில் என்ன சொன்னார், எல்லாவற்றையும் நேரத்தோடு சொன்னார். பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஐம்பது பேரும் உதவி எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வதுபோல ஒப்பித்தார்கள். கண்டக்டரும் வந்து, பட்டன் இல்லாத சட்டையைக் காட்டிச் சாட்சி சொன்னார்.

"சரி, இந்த ரிப்போர்ட்டுல முகாமுக்கு முதல் நாள் தேதி இருக்கே, நடக்கறதுக்கு முன்னாடியே எழுதினது யாரு?"

அறையில் எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். செயலாளர் ஜன்னலைப் பார்த்தார். என் பெயர் அந்தத் தாளில் எங்கும் இல்லை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் அக்கா நிற்கும்போது எனக்கு அது முடியவில்லை. எழுந்தேன்.

"நான்தாங்க மேடம். நான் அங்க போகவே இல்ல. உக்காந்த இடத்துலயே எழுதிட்டேன்."

"சார், அப்படியே இருங்க" என்றது ஒரு குரல். அக்கா போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். "லொகேஷன் வரட்டும்." வேலை போகுமோ, வழக்கு வருமோ என்று நான் வியர்த்து நிற்க, அதிகாரியம்மாவும் அந்தப் போட்டோவுக்காகக் காத்திருந்தார்.

பஸ் வாடகையும் பிரியாணிப் பணமும் செயலாளர் கையிலிருந்து திரும்பக் கட்ட வேண்டும், பதவியிலிருந்து விலக வேண்டும் என்று உத்தரவானது. முகாம் நடந்ததுதான் என்று அந்த அம்மா எழுதினார். அதனால் மானியம் நிற்கவில்லை. மூன்று மாதம் தாமதமானது, அவ்வளவுதான். அந்த மூன்று மாதமும் செந்துறைப் பெண்கள் இல்லத்துக்கு முறை வைத்து அரிசி கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு படி அரிசிக்கும் போட்டோ. எனக்கு ஒரு மாதச் சம்பளப் பிடித்தம். இனி முகாமுக்கு நேரில் போகாமல் அறிக்கை எழுதக்கூடாது என்று எச்சரிக்கை. மலர்க்கொடி வழக்கில் ஜெயித்தாள். இப்போது பெரம்பலூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை, தனி வீடு, பிள்ளைகள் பள்ளிக்கூடம்.

போன மாதம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். நான் வேலையை விட்டுச் சில வருஷம் ஆகிறது. அவர் இன்னும் அதே வேலையில், அதே பேனர் பையோடு, கண்ணாடி கீறிய அதே போனோடு. வராத பஸ்ஸைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். போன் வழக்கம்போல இடமில்லை என்றது. அழிப்பதற்காகத் தள்ளிக்கொண்டே போனவர் ஒரு படத்தில் நிறுத்தி எனக்குக் காட்டினார். விசாரணை அறை. பாதி மூடிய கண்ணும் கலைந்த முடியும் வியர்த்த சட்டையுமாக நான்.

"இத அழிச்சிடுங்களேங்க்கா. திருடன் மாதிரி இருக்கேன்."

"பேரன் மொட்டயவே அழிச்சேன் சார். இத அழிக்க மாட்டேன். நீங்க எந்திரிச்சு நின்னது அன்னைக்கு நடந்துதுல்ல?"

அவருடைய போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஆயிரக்கணக்கான படங்கள். எத்தனையோ ஊர்கள், எத்தனையோ பெண்கள். ஒன்றில்கூட அக்கா இல்லை. இந்த மனுஷியோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்தேன் என்று நான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிகிறேன். ஆதாரத்துக்கு ஒரு படம் கிடையாது.

"நில்லுங்கக்கா" என்று என் போனை எடுத்தேன். வெட்கப்பட்டார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பிறகு கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"இருங்க சார், லொகேஷன் வரட்டும்."

இரண்டு பேரும் நின்றோம். அதற்குள் நான் ஏற வேண்டிய பஸ் வந்தது, கொஞ்ச நேரம் நின்றது, கிளம்பிப் போயே விட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.