மூடியில் இருந்த மூன்று விரல்

ஜெயசுதாவிடம் பொய் சொல்லி அர்த்தநாரி ஒருநாளும் தப்பித்ததில்லை. டீ குடிக்கக் கடைக்குப் போய் வந்தால்கூட, கூட என்ன பலகாரம் தின்றார் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட மனுஷன்தான் அன்றைக்குப் பெயிண்ட் உரிக்கிற ரிமூவர் கேனைக் காலி செய்து, கழுவி, அதில் சோப்புத் தண்ணீரை ஊற்றி வைத்தார்.

காரணம், கொல்லையில் நின்ற குட்டி டிராக்டர். புல் வெட்டுகிற டிராக்டர். பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் பங்களாவிலிருந்து எடைக்குப் போட்டதை மகன் அருள்செல்வன் வாங்கி வந்தான். முதலிபாளையத்தில் அப்பாவின் பட்டறையிலேயே தகடுகளுக்கு மஞ்சள் பவுடர் கோட்டிங் போட்டார்கள். பவுடர் ஓவனுக்குள் போய் வெந்தால்தான் ஒட்டும். அதற்கு முன்னால் தொட்டால் கையோடு வந்துவிடும். கோட்டிங்காரர் மகனுக்கு இது தெரியாதா என்ன? பேச்சு சுவாரசியத்தில் பேட்டரி மூடியைப் பிடித்துவிட்டான். மூன்று விரல் தடம் அப்படியே வெந்துபோனது. அர்த்தநாரி போட்ட சத்தம் பக்கத்துப் பட்டறைகளுக்கெல்லாம் கேட்டது.

டிராக்டர் ஓடுவதற்குள் டெங்கு வந்து அருள் போய்விட்டான்.

அர்த்தநாரி அழவில்லை. மகன் பேரையும் எடுக்கவில்லை. காலையில் எழுந்ததும் கொல்லைக்குப் போய், அந்தத் தடத்தின் மேல் தன் விரலை வைத்துவிட்டு வருவார். அவ்வளவுதான். மனைவிக்கு அந்தத் தடம் இருப்பது தெரியாது, தெரிந்தால் தாங்கமாட்டாள் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த ஜெயசுதாதான் ஆரம்பித்தாள். "ஏனுங்க, ஓரமெல்லாம் துரு ஏறுது. பழைய கோட்டிங்க உரிச்சுட்டு, புதுசா அடிச்சு, அவன் படிச்ச பள்ளிக்கோடத்துக்குக் குடுத்தரலாமுங்க. கெரவுண்டுல ஓடட்டும்."

மாட்டேன் என்றால் ஏன் என்பாள். ஏன் என்றால் விரலைச் சொல்ல வேண்டும். அதனால்தான் சோப்புத் தண்ணீர். மற்ற தகடுகளை உரித்தால் கடைசியில் மூடியின் முறை வந்துவிடும் என்று எதையுமே உரிக்காமல், நாள் முழுக்கத் தேய்த்தார்.

"உரியுதுங்களா?"

"எங்க உரியுது! நான் அடிச்ச கோட்டிங்காச்சே."

"மங்கலத்துக்காரரு, ரேக்கெல்லாம் மூணே மாசத்துல உதுந்துருச்சுன்னு சண்டைக்கு வந்தாருங்களே?"

"அது அவிங்க ஊட்டு உப்புத் தண்ணி."

"நம்மூட்டுக் கொழாயில என்ன, எளநியா வருது?"

அர்த்தநாரி இன்னும் வேகமாகத் தேய்த்தார். டிராக்டர் முன்னைவிடப் பளபளப்பானதுதான் மிச்சம்.

ஒரு முகூர்த்த நாள். சேவூரில் கல்யாணச் சாப்பாடு முடித்துவிட்டு அர்த்தநாரி வந்து பார்த்தால், கொல்லையில் எஞ்சினும் சக்கரமும்தான் நின்றன.

"தகடெல்லாம் எங்க?"

"லிங்கசாமி அண்ணன் வண்டியில ஏத்தி உட்டேனுங்க. அவிங்க பட்டறை மருந்துத் தொட்டியில முக்குனா உடனே உரிஞ்சுருமாமுங்க. பாவம், உங்களுக்கும் கை வலிக்குமில்லீங்க?"

வெள்ளை வேட்டியோடு மொபெட்டைக் கிளப்பினார். லிங்கசாமியின் பட்டறையில் தகடுகள் வெறும் இரும்பாகச் சுவரில் சாய்ந்திருந்தன. மூடி மட்டும் இல்லை.

"தொட்டிக்குள்ள கெடக்குமுங்க," என்று சொல்லிவிட்டு லிங்கசாமி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கொக்கி போட்டுத் துழாவினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டாலும்தான் என்ன, இந்நேரம் விரல் கரைந்திருக்கும். அர்த்தநாரி ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்தார்.

வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே கீழே போட்டார்.

"சுதா, அந்த மூடியில அருளு வெரல் இருந்துச்சு. அதும் போச்சு. எம் பையன் போயிட்டான், சுதா."

சொன்னதும் உடைந்துவிட்டார். இத்தனை காலமும் அடக்கி வைத்தது மொத்தமாக வந்தது. தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதார். ஜெயசுதாவும் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முதுகைத் தடவியபடி அழுதாள்.

பிறகு உள்ளே கூட்டிப்போய்ப் பீரோவைத் திறந்தாள். சேலைகளுக்கு அடியிலிருந்து மஞ்சள் மூடியை எடுத்தாள்.

அர்த்தநாரி வாயைப் பிளந்தார்.

"ரிமூவர் பட்டா எரிஞ்சு கொப்புளம் வரோணுமுங்க. உங்க கை தொவைச்ச துணியாட்ட வெளுத்துக் கெடந்துச்சு. மொத நாளே தெரிஞ்சுபோச்சு. தெனம் காலையில நீங்க இந்த மூடியில வெரல் வெக்கறதையும் பாத்துட்டுதானுங்க இருந்தேன்."

"அப்புறம் ஏம்புள்ள லிங்கசாமியையும் கூட்டுச் சேத்துக்கிட்டு என்னைய இந்தப் பாடு படுத்துன?"

"ரெண்டு வருசமா அவம் பேரச் சொல்லாம உக்காந்திருந்தீங்களே! நான் யாரு கூட அழுகறதுங்க?"

அர்த்தநாரி மெதுவாக விரலை நீட்டினார். தடத்தைத் தொடுவதற்குள் மூடி உள்ளே போய்விட்டது. பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள் ஜெயசுதா.

"சேந்துதானுங்க பெத்தோம். இனிப் பாக்கோணும்னா என்னைய எழுப்புங்க."