பெஞ்சைப் பிடுங்கிய தலைவர் அக்காவுக்கு எழுதுவது

தலைவர் அலுவலகம், நகர சபை.
செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுக்கு முன்.

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு, தங்கள் கூடப்பிறந்த தம்பியும், சரியாக நாற்பத்தொரு நாளாக இந்த நகர சபையின் தலைவருமாகிய நான் பணிவோடு எழுதுவது. இங்கே நான், என் மனைவி, பிள்ளைகள், சாவிக்கடை எல்லாரும் சுகம். தாங்களும் அத்தானும் சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த சுகத்தைக் கெடுத்தவனே நான்தான் என்பது ஊருக்கே தெரியும்.

மூன்று தெரு தள்ளி இருக்கிற அக்காவுக்கு எதற்கடா கடிதம் என்று தாங்கள் கேட்கலாம். நேரில் மூன்று தடவை வந்தேனே. முதல் தடவை கதவைத் திறந்தீர்கள், என் முகத்தைப் பார்த்தீர்கள், சாத்தினீர்கள். இரண்டாம் தடவை சாத்தின கதவுக்கே இன்னொரு தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. மூன்றாம் தடவை ஜன்னல் வழியா, "சபையிலே சொன்னதைச் சபையிலேயே வந்து தப்புன்னு சொல்லு. அப்புறம் இந்த வாசல்ல கால் வை"ன்னு சொன்னே. எந்தப் பூட்டா இருந்தாலும் ரெண்டு நிமிஷத்துல திறக்கிறவன் நான். உன் கதவுக்கு முன்னாடி கையைப் பிசைஞ்சுட்டு நின்னேன். எதிர்வீட்டுக்காரம்மா வேற, "தலைவரே, சாவி தொலைஞ்சு போச்சா?"ன்னு கேட்டாங்க. இத்தனை வருஷமா நான் எல்லாரையும் கேட்ட கேள்வி அது. திருப்பிக் கேட்டா எவ்வளவு சுருக்குன்னு இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

நடந்ததை நீ ஊர்வாயில பாதி கேட்டிருப்பே, மீதியை என் வாயால கேளு. சபையில ஒரு வழக்கம் இருக்கு. ஒரு தீர்மானத்துக்குச் சம்மதம்னா யாரும் கையைத் தூக்கறதில்லை, மேசையைத் தட்டுவாங்க. எல்லாரும் தட்டினா நிறைவேறினதா கிளார்க் அம்மா எழுதிடுவாங்க. அந்த அம்மா முப்பது வருஷமா எழுதறாங்க, சிரிச்சு யாரும் பார்த்ததில்லை. தலைவர் நாற்காலியில இருந்து தும்மினாலும் 'தலைவர் தும்மினார்'னு எழுதி நேரம் போடற ஆள். அன்னைக்கு எனக்கு முதல் கூட்டம். நாற்காலி என்னமோ பெரிய ஆளுக்குன்னு செஞ்சது, உட்கார்ந்தா என் கால் தரையில படலை. முன்னாடி வெச்ச தாள்ல ஒவ்வொரு வார்த்தையும் சரக்கு ரயில் நீளம். பதினொரு உறுப்பினருக்கு நடுவுல அஞ்சாங்கிளாஸோட நின்னவன் நான் ஒருத்தன்தான். பொறியாளர் எழுந்து, ஊர்ல இருக்கிற பொது பெஞ்சுங்க பட்டியலை முக்கால் மணி நேரமா வாசிக்கிறார், எது விரிசல், எது துரு, எதுல ஆணி நீட்டிட்டு இருக்குன்னு. பயம் வந்தா நான் என்ன பண்ணுவேன்னு உனக்குத் தெரியும், யாரையாவது பிடிச்சுக் கிண்டல் பண்ணுவேன். உறுப்பினரைப் பண்ணினா பகை. பொறியாளரைப் பண்ணினா ரோடு வராது. கோவிச்சுக்காத மனுஷன் ஒருத்தர் வேணுமேன்னு யோசிச்சேன், அத்தான் முகம் வந்தது. அக்கா, இந்த ஒரு வரியை எழுத எனக்கு அரைமணி நேரம் ஆச்சு.

"பதினேழாம் எண், தபால் ஆபீஸ் எதிரில், ஒரு கால் ஆடுகிறது"ன்னு பொறியாளர் வாசிச்சார். நான் சொன்னேன், "அது பெஞ்சு இல்லைங்க, எங்க அத்தானோட ஆபீஸ். காலையில எட்டு மணிக்கு உட்கார்ந்தார்னா அந்தப் பக்கம் போற ஒருத்தன் தப்பிக்க முடியாது. பேர்த்து எடுத்துட்டா அவர் வீட்டுக்குப் போவார், ஊருக்கு அறிவுரை மிச்சம்." சபையே குலுங்கிப்போச்சு. மேசையைத் தட்டித் தட்டிச் சிரிச்சாங்க. சிமெண்டுக்கடைக்கார உறுப்பினர் கண்ணைத் துடைச்சுட்டு மறுபடி தட்டினார். நானும் தட்டினேன். பரவாயில்லையே, நம்மளையும் சேர்த்துக்கிட்டாங்களேன்னு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. கிளார்க் அம்மா மட்டும் குனிஞ்சு எழுதிட்டு இருந்தாங்க.

குழாய் உடைஞ்சுபோச்சுன்னு மனு கொடுத்தா மூணு மாசம் கழிச்சு வந்து எந்தக் குழாய்னு கேக்கற சபை இது. இதுக்கு மட்டும் மறுநாள் ஏழரை மணிக்கே கடப்பாரையோட ஆள் போயிட்டாங்க. எட்டு மணிக்கு அத்தான் கைத்தடியும் பேப்பருமா வந்து நின்னிருக்கார், பெஞ்சு இருந்த இடத்துல நாலு குழி. "யார் சொல்லி எடுத்தீங்க?"ன்னு கேட்டிருக்கார். "தலைவர் சொல்லிங்க." "எந்தத் தலைவர்?" "உங்க மச்சினன்தான் சார்"னு அந்த ஆள் உத்தரவுத் தாளை எடுத்து, தபால் ஆபீஸ் வரிசையில நின்ன அத்தனை பேர் முன்னாடியும் சத்தமா வாசிச்சிருக்கான். 'ஊருக்கு அறிவுரை மிச்சம்' வரைக்கும். கிளார்க் அம்மா ஒரு எழுத்து விடலை. அத்தான் பேப்பரை மடிச்சு கக்கத்துல வெச்சுட்டுத் திரும்பினாராம். ஆபரேஷன் பண்ணின முழங்கால். அங்க வரைக்கும் நடங்க, உட்காருங்க, திரும்பி நடங்கன்னு டாக்டர் சொன்ன கணக்கே அந்தப் பெஞ்சை வெச்சுத்தான். உட்கார இடமில்லாம, பாதி வழியில மருந்துக்கடைப் படியில உட்கார்ந்தாராம். அன்னையில இருந்து பன்னெண்டு நாளா வாசலைத் தாண்டலைன்னும், "அங்க போனா இன்னும் யாருக்காவது தொந்தரவா இருக்கும்"னு சொல்றார்னும் உன் பெரியவ வந்து என் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டு அழுதா.

பதவிப் பிரமாணத்தை எனக்கு மனப்பாடம் பண்ண வெச்சது யாரு? அத்தான். எங்கே? அந்தப் பெஞ்சுல. பத்து நாள், கடை திறக்கறதுக்கு முன்னாடி. எனக்கு நாக்கு சுளுக்கிக்கிற இடமெல்லாம் பார்த்து, அங்கங்க மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தார். நீ என்னடான்னா வீடு வீடா ஏறி, "என் தம்பி வாயாடிதான், ஆனா மனசு கெட்டவன் இல்லை"ன்னு ஓட்டுக் கேட்டே. இப்போ அந்த வீட்டுக்காரங்க உன்னைப் பார்த்தா என்ன நினைப்பாங்கன்னு யோசிச்சா, அந்த நாற்காலிக்கு அடியில போய் உட்கார்ந்துக்கலாம்னு இருக்கு. உயரமாத்தான் இருக்கு, இடம் பத்தும்.

நான் சும்மா இருக்கலை அக்கா. கிளார்க் அம்மாகிட்ட, "அது தமாஷுக்குச் சொன்னதும்மா, அடிச்சுடுங்க"ன்னேன். "தமாஷுக்குன்னு தனியா பதிவேடு இல்லைங்க ஐயா. ரத்து பண்ணணும்னா தலைவரே சபையில தவறுன்னு சொல்லணும்"னாங்க. சரி, பெஞ்சையே கொண்டுபோய்ப் போட்டுடலாம்னு, சனிக்கிழமை மத்தியானம் சபைக் கிடங்குக்குத் தள்ளுவண்டியோட போனேன். உடைஞ்ச விளக்குக் கம்பத்துக்கு அடியில கிடந்தது. நெம்பி வண்டியில ஏத்தி வாசலுக்கு வந்தா காவல்காரர் வழியை மறிச்சுட்டார். "நான் தலைவர்யா"ன்னேன். "தலைவர் எதுக்குங்க பெஞ்சைத் தள்ளிட்டுப் போறார்?"னு கேட்டார். நியாயமான கேள்வி. திருப்பித் தள்ளிட்டுப் போய் அதே இடத்துல இறக்கி வெச்சேன். அவர் ஒரு கை பிடிச்சார், நல்ல மனுஷன்.

அதனால ஒரு யோசனை பண்ணியிருக்கேன். 'பொதுமக்கள் வசதிக்காக' அந்த இடத்துல புதுசா ஒரு பெஞ்சு போடணும்னு தீர்மானம் கொண்டு வரேன். சாஞ்சுக்க முதுகு வெச்ச பெஞ்சு. அத்தான் பேரும் வராது, தப்புங்கற வார்த்தையும் வராது. நான் வீட்டுக்கு வந்து அத்தான் காலைப் பிடிச்சுக்கறேன், நீ நாலு வெச்சாலும் வாங்கிக்கறேன். சபையில சொல்றதை மட்டும் விட்டுடு. தலைவர் நாற்காலிக்குன்னு ஒரு மரியாதை இருக்குன்னு எழுத வந்தேன். அதெல்லாம் பொய். பயம்தான். சிரிப்பு மூட்டாம நாலு பேர் முன்னாடி நான் ஒரு வார்த்தை பேசினதில்லை. எப்படிப் பேசறதுன்னு எனக்குத் தெரியாது. நான் அழுதாலும் அவங்க சிரிப்பாங்க. இந்தக் கடிதத்தைப் படிச்சுட்டுக் கிழிச்சுப் போட்டுடு, யார் கண்ணுலயும் பட வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்ல முடிஞ்சா சொல்லு, கோபம் வந்தா சொல்லாதே. பிள்ளைங்க நல்லா படிக்கட்டும், என்னை மாதிரி பாதியில நிக்க வேண்டாம். உன் வீட்டுல எல்லாரும் நோய்நொடி இல்லாம நூறு வயசு இருக்கணும்.

இப்படிக்கு,
உன் கதவுக்கு வெளியே நிற்கும்
தம்பி

பின்குறிப்பு: மேலே ஊதா முத்திரையும் ஒரு நம்பரும் இருக்கிறதைப் பார்த்துப் பயந்துடாதே. எழுதி மேசையில வெச்சுட்டு, சாக்கடை அடைச்சிருக்குன்னு கூப்பிட்டாங்களேன்னு போனேன். வந்து பார்த்தா கிளார்க் அம்மா இதைப் பதிவு பண்ணி, டைப் அடிச்சு, நாளைக்குக் கூட்டத்துல நாலாவது பொருளாச் சேர்த்துட்டாங்க. "சபைத் தாள்ல எழுதியிருக்கு, மதிப்பிற்குரியன்னு ஆரம்பிக்குது, பொதுச் சொத்தைப் பத்திப் பேசுது. மனுதானே ஐயா?"ங்கறாங்க. முழுசாவான்னு கேட்டேன். "முழுசா. என்னைப் பத்தி எழுதினது, தள்ளுவண்டி எல்லாம் சேர்த்து"ன்னாங்க. அப்புறம் பேனாவைத் திறந்து, "உறுப்பினருங்களுக்கு இன்னும் போகலை. அடிச்சுடட்டுமா?"ன்னு கேட்டாங்க.

அந்தத் தாளை வாங்கி, 'பயம்தான்'னு இருந்த வரியை ஒரு தடவை எழுத்துக்கூட்டி வாசிச்சேன். இருக்கட்டும்னு சொல்லிட்டேன். "சரி, நான் வாசிச்சுடறேன்"னாங்க. வேண்டாம், நானே வாசிக்கறேன்னேன். நாளைக்குப் பதினொரு மணி. அத்தானை வண்டி வெச்சுக் கூட்டிட்டு வா. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், நேரமாகும். கடைசி வரைக்கும் இருங்க.