கெண்டைவால் பரணி

நீலக் கையுறையே கவசமாக, நுனி மழுங்கிய கத்தரிக்கோலே வாளாக, ‘இருக்கலாம்’ என்னும் ஒற்றைச் சொல்லே கேடயமாக, மாலைநேர மரபணு வகுப்பின் கடைசி மேசையைக் கட்டியாண்ட மாவீரனே, வாழ்க! அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்புபவனே, திரும்பிப் பார்த்ததை நம்பாமல் மறுபடி திரும்புபவனே, உன் வெற்றியைப் பாடவே வாய் திறந்தோம்!

வகுப்பே அவனை ‘இருக்கலாம்’ என்றுதான் கூப்பிட்டது. அப்பேர்ப்பட்டவன், ஆய்வகக் கண்ணாடித் தொட்டியில் உலவிய வெள்ளிச்செதில் வேந்தர் இருவரை, இரட்டைப் பிறவிபோல் ஒத்திருந்த அந்தக் கெண்டைகளை, வாரக்கணக்கில் உற்றுப் பார்த்துவிட்டு எழுந்து முழங்கினான்:

“ரெண்டும் வேற வேற இனம். நிச்சயமா!”

மின்விசிறி ஒரு கணம் சுழல மறந்தது. ஆய்வகத்தைக் காக்கும் பொறுப்பிலிருந்தவளும், வீட்டில் அவனுக்கு உடன்பிறந்தவளுமான அக்கா இடுப்பில் கை வைத்தாள்.

“டேய், ரெண்டும் ஒண்ணுதான்டா. ஒண்ணு வாயத் தொறந்திருக்கு, இன்னொண்ணு மூடியிருக்கு. அவ்வளவுதான்.”

“மரபணு சொல்லட்டும்க்கா.”

“சொல்லும், சொல்லும். தோத்தா வகுப்பு முடியிறவரைக்கும் தொட்டி கழுவுறது நீதான்!”

தொட்டியைக் கழுவிவிடலாம், வாழ்நாளில் முதன்முறையாகச் சொன்ன ‘நிச்சயமா’வை எதைக் கொண்டு கழுவுவது?

மூண்டது போர். வலை பாய்ந்தது, வால் சுழன்றது, பாசி பறந்தது. யானைப்படை புகுந்த ஏரியாய்த் தொட்டி கலங்க, சட்டை நனைய, சிக்கியது ஒரு கெண்டை. அரிசி நுனியளவு வால்துண்டைக் கொய்து, குப்பியிலிட்டு, ‘அ’ என்று எழுதி, எழுதியதை நான்கு முறை சரிபார்த்து, தோற்ற பகைவனை உயிரோடு விடும் பேரரசனின் பெருந்தன்மையோடு மீனைத் தொட்டியிலேயே திருப்பி விட்டான். மறுபடி வலை, மறுபடி வெள்ளம். ஒரு கெண்டை குழாய்க்குப் பின்னே பதுங்கிக் கிடக்க, மற்றது தானே வந்து வலைக்குள் விழுந்தது. மூக்குக்கண்ணாடி முழுதும் நீர்முத்து கோத்திருக்க, கொய்தான். ‘ஆ’ என்று எழுதினான். எழுதியதை ஐந்து முறை சரிபார்த்தான்.

பின்பு, வால்துண்டின் மரபணுவைப் பல கோடியாய்ப் படியெடுக்கும் மாயப்பெட்டி உறுமியது. படிகளையெல்லாம் துண்டாடும் மருந்து கலந்தது. கூழ்த்தட்டில் மின்சாரம் அத்துண்டுகளைப் புரவிப்படையாய் விரட்டியது. இனம் வேறானால் ஒளிக்கோடுகள் வேறு வேறு இடத்தில் நிற்கும்; ஒன்றானால் தோளோடு தோள் நிற்கும். வகுப்பு மூச்சடக்கியது, ஊதாவிளக்கு எரிந்தது.

தோளோடு தோள் நின்றன! மயிரிழை பிசகவில்லை!

“பாத்தியாடா, ‘நிச்சயமா’! அளவெடுத்து அடிச்ச மாதிரி நிக்குது! எடு பிரஷ்ஷை!” என்று அக்கா வெற்றிமுரசு கொட்ட, வகுப்பு மேசைகளைத் தட்டி ஆர்ப்பரிக்க, கொடி சாய்ந்த தேரென, வேர் பெயர்ந்த மரமென, ‘நான் ஒன்றை நம்பியிருக்கவே கூடாது’ என்று நெஞ்சுக்குள் புலம்பியபடி, பிரஷ்ஷை ஏந்தித் தொட்டியை நோக்கி நடந்தான் நம் நாயகன், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டான், குனிந்தான்.

ஒரு மீனின் வாலில் இரண்டு வெட்டு இருந்தது, இன்னொன்றின் வாலில் ஒன்றும் இல்லை.