தொடாவண்டி

குழந்தைகளின் மகிழ்ச்சிக்காகப் பெரியவர்கள் செய்திருக்கும் தியாகங்களை எழுதப் புகுந்தால் உலகத்துக் காகிதம் போதாது. போதுகிற அளவுக்கு எழுதினாலும், முதல் பக்கத்தை மாதிரித் தொடர்வண்டி ஆர்வலர் சங்கத்தின் செயலாளருக்கு ஒதுக்குவதுதான் நியாயம்.

பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தரான அவர், மகள் பிறந்த அன்று மருத்துவமனையிலிருந்து நேராகக் கடைக்குப் போய் ஒரு குட்டி எஞ்சினும் எட்டடித் தண்டவாளமும் வாங்கி வந்தார். "எல்லாம் குழந்தைக்காக" என்றார். அன்று தொடங்கிய பணி இன்றும் நடக்கிறது. இப்போது அது முன்னறையை அடைத்துக்கொண்டு நிற்கும் பதினாறடி மேசை. அதில் இரண்டு பாலம், ஒரு சுரங்கம், நகத்தளவு பயணிகள் நூற்றுப்பத்துப் பேர், மேய்ந்துகொண்டிருக்கும் மாடுகள் ஏழு. மகளுக்கு ஒன்பது வயது. இந்த ஒன்பது வருடத்தில் அவள் அந்த மேசையைத் தொட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் கால் தடுக்கி விழப்போனபோது. அதற்கே வீட்டில் இரண்டு நாள் யாரும் யாரோடும் பேசவில்லை.

"இன்னும் கொஞ்சம் பெருசாகட்டும், அப்புறம் தரேன்" என்பார் அவர்.

"எது, மேசையா, அவளா?" என்பாள் மனைவி.

சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி, "குழந்தைகளுக்காகவே" நடப்பது, பொது நூலகத்தின் மாடிக்கூடத்தில்தான் வழக்கம். பதினாறடி மேசை நுழையும் வாசல் ஊரில் அது ஒன்றுதான். இந்த வருடம் நூலக அதிகாரி அம்மையாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. குழந்தைகள் தங்கள் கையாலேயே இயக்கும் கண்காட்சிகளுக்கு மட்டுமே இனிக் கூடம் தரப்படும். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நேரில் வந்து பார்ப்பேன். இல்லையென்றால் அடுத்த வருடம் முதல் கூடம் பூனை வளர்ப்போர் சங்கத்துக்கு.

அவசரக் கூட்டம் கூடியது. சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். கடிதத்தைப் படித்ததும் தன் கன்னத்தைத் தானே பிடித்துக்கொண்டார்.

"குழந்தைங்க கையாலயா?"

"'கையாலேயே'ன்னு ஏகாரம் வேற போட்டிருக்காங்க டாக்டர்."

"ஏகாரமா! அப்போ தப்பிக்கவே முடியாது." டாக்டர் யோசித்தார். "ஆனா ஒண்ணு. கையால எதையாவது இயக்கணும், அவ்வளவுதானே? ரயிலைத்தான்னு சொல்லலையே."

"ரயில் இல்ல டாக்டர். தொடர்வண்டி."

"மன்னிக்கணும். தொடர்வண்டி."

இரண்டரை மணி நேர விவாதத்துக்குப் பின் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதன்படி, மேசைக்கு முன்னால் ஒரு மரப்பெட்டி. பெட்டியின்மேல் தோசைக்கரண்டி அகலத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான். பெட்டிக்குள் ஒன்றும் இல்லை. மேசைக்குப் பின்னால் திரை, திரையில் ஓட்டை, ஓட்டைக்குப் பின்னால் நிஜ கன்ட்ரோலருடன் டாக்டர். குழந்தை அழுத்தும், டாக்டர் ஓட்டுவார். குழந்தைக்கு அழுத்தும் சந்தோஷம், டாக்டருக்கு ஓட்டும் சந்தோஷம். ஒருவர் சந்தோஷத்தில் மற்றவர் தலையிடாத இப்படி ஓர் ஏற்பாட்டை யார் செய்ய முடியும்?

பெயர்ப்பலகையைச் செயலாளரே தெர்மாகோலில் வெட்டி ஒட்டினார். 'தொடர்வண்டி' என்று ஆளுயரத்துக்கு எழுத்துகள். வெட்டிய அவசரத்தில் 'ர'வின் கீழ்ச்சாய்வு விட்டுப்போனது. மேலே புள்ளி இருந்த வரைக்கும் அது தெரியவில்லை. ஞாயிறு காலை பத்தரைக்குப் புள்ளி விழுந்தது. புள்ளி போன 'ர்' அப்படியே துணைக்கால் ஆகிவிட்டது.

"தொ...டா...வண்டி" என்று எழுத்துக்கூட்டினான் ஒரு பொடியன்.

செயலாளர் நிமிர்ந்து பார்த்தார். தகவல் பிழை எதுவும் தென்படாததால் அப்படியே விட்டுவிட்டார்.

கூட்டம் அலைமோதியது. ஒவ்வொரு குழந்தையும் பொத்தானை அழுத்த, வண்டி கிளம்ப, செயலாளர் அதன் தோளைத் தட்டி, "பாத்தியா, நீயே ஓட்டிட்டே! அடுத்த ஆள்!" என்றார். பிள்ளைகள் குதித்தார்கள். மகளின் முறை வந்தது. அவள் பொத்தானை அழுத்தவில்லை. குனிந்து பெட்டிக்கு அடியில் பார்த்தாள்.

"அப்பா, இதுல வயரே இல்லையே?"

செயலாளர் வாழ்நாளில் பொய் எழுதியவர் அல்லர்.

"அது வயர்லெஸ்மா."

மகள் அவர் முகத்தைப் பார்த்தாள், மேசைக்குப் பின்னாலிருந்த திரையைப் பார்த்தாள். பிறகு வரிசையை விட்டு நகர்ந்துவிட்டாள். செயலாளருக்கு அது ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் அடுத்த ஆள் காத்திருந்தது.

சரியாக நான்கு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு அதிகாரி அம்மையார் வந்தார். "அட, பொத்தானா! நானே அழுத்திப் பாக்கறேனே" என்று அழுத்தினார்.

வண்டி அசையவில்லை.

இன்னொரு தடவை அழுத்தினார். திரைக்குப் பின்னாலிருந்து கொர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. காலையிலிருந்து இருட்டில் உட்கார்ந்து குழந்தைகளை மகிழ்வித்த களைப்பில் டாக்டர் கண்ணயர்ந்திருந்தார்.

"என்ன சத்தம் அது?"

"எஞ்சின் சத்தம் மேடம்" என்றார் செயலாளர். "தத்ரூபமா இருக்கணும்னு..."

"சத்தம் ஓடுது, வண்டி ஓடலையே?"

பூனைகள் மாடிப்படி ஏறிவருவது செயலாளரின் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. அந்த நேரம் பார்த்து வண்டி விசுக்கென்று கிளம்பியது. சுரங்கத்தில் நுழைந்தது, பாலத்தில் ஏறியது, வளைவில் அழகாக வேகம் குறைத்தது. டாக்டர் ஒருநாளும் வளைவில் வேகம் குறைத்தவர் இல்லை.

திரை விலகியது. கன்ட்ரோலரைக் கையில் பிடித்தபடி மகள் வெளியே வந்தாள். "இதுக்கு வயர் இருக்குப்பா."

"தொடாதே!" என்று கத்த வாய் திறந்தார் செயலாளர். அதற்குள் கதவுக்காற்றில் ஆடிக்கொண்டிருந்த பெயர்ப்பலகையிலிருந்து அந்த 'ர'வும் கழன்று, பொத்தென்று அவர் காலடியில் விழுந்தது.

"தொட... வண்டி" என்று பொடியன் உரக்கப் படித்தான். "டேய், தொட வண்டிடா! தொடலாம்டா!"

எழுத்தில் இருப்பதை மீறிப் பழக்கமில்லாத தலைமை எழுத்தர் வாயை மூடிக்கொண்டார். "இதைத்தான்யா நான் கேட்டேன்!" என்று அம்மையார் கைதட்டினார். அடுத்த வருடமும் கூடம் உங்களுக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது! மகள் நடுவில் நின்று ஒவ்வொரு பிள்ளை கையிலும் கன்ட்ரோலரைக் கொடுத்து, ஆளுக்கு இரண்டு சுற்று ஓட்டவைத்தாள். மாடுகள் வண்டியேறி ஊர் பார்த்தன. பயணிகள் சுரங்கத்தில் மாட்டி மீட்கப்பட்டார்கள். கூடம் இரண்டுபட்டது. சத்தத்தில் டாக்டரே எழுந்து வந்து வரிசையில் நின்றார்.

உடைந்தது ஒரு மாட்டின் கொம்பு மட்டும். ஆனால் செயலாளரின் கைகள்தான் அரிக்கத் தொடங்கின. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, தன் வண்டி ஓடுவதை அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். தாங்க முடியவில்லை. மெல்ல வரிசையின் கடைசியில் போய் நின்றார். அரைமணி நேரம் நகர்ந்து நகர்ந்து மகளுக்கு முன்னால் வந்தார்.

"பாப்பா... அப்பாவுக்கும் ஒரு சுத்து."

மகள் அவரை அன்போடு பார்த்தாள். கன்ட்ரோலரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மரப்பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். "அழுத்துங்கப்பா."

அவர் அழுத்தினார். வண்டி கிளம்பியது.

மகள் எட்டி அவர் தோளைத் தட்டினாள்.

"பாத்தீங்களா, நீங்களே ஓட்டிட்டீங்க! அடுத்த ஆள்!"