ஒற்றை விறகுச் சாமியார்

கதிரவெளியில் அந்த மாதம் மீனைவிடச் சாமியார் பேச்சுத்தான் அதிகம் பிடிபட்டது. பெயர் அக்கினியடிகள். கடற்கரையோரம் ஓலைக் கொட்டில் போட்டு, நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு களிமண் அடுப்புக் கட்டியிருந்தார். அதில் ஒரேயொரு விறகு எரியும். மேலே அண்டா நிறையத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். வாகரையிலிருந்து லொறி பிடித்தும், வெல்லாவெளியிலிருந்து பஸ் மாறியும் சனம் வந்தது. சொந்த வீட்டு அடுப்பை ஒருநாளும் எட்டிப் பார்க்காத ஆம்பிளைகளெல்லாம் முன்வரிசையில் நின்று கைகூப்பினார்கள்.

அடிகளின் அருள்வாக்கு இதுதான்: “கேஸ் நெருப்பு செத்த நெருப்பு. அதில் வெந்தது பிணச்சோறு. உங்கள் வலைகள் வெறுமையாக வருவதற்கு அதுவே காரணம்.”

பரிகாரமும் அவரிடமே இருந்தது. கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் கொட்டிலில் ஒப்படைக்க வேண்டும். பதிலுக்கு மந்திரித்த கருங்கல் ஒன்று தருவார். அதை விறகடுப்புக்குள் வைத்தால் ஒரே விறகில் உலை கொதிக்கும். வாங்கிய அடுப்புகளைக் கடலில் கரைத்துவிடுவதாகச் சொன்னார். இரும்பு எப்படிக் கரையும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

றஞ்சிதா இடியப்பம் அவித்து விற்பவள். பத்து வருடம் விறகுப் புகையைக் குடித்து இருமலை வாங்கிக்கொண்டவள். போன வருடம்தான் தன் உழைப்பில் ஒரு கேஸ் அடுப்பு வாங்கியிருந்தாள். அவள் புருஷன் சுபாகரனுக்குக் கடல் தொழில். மூன்று கிழமையாக வலையில் பாசிதான் ஏறியது.

“அடுப்பக் குடுத்திருவம் புள்ள,” என்றான். “பக்கத்து வீட்டுத் தெய்வமணியக்கா போன கிழமையே குடுத்திட்டா.”

“குடுத்து? அவட வீட்டுக்காரருக்கு மீன் பட்டதா?”

“அதுக்கு நம்பிக்கை வேணும்.”

“இருமுறது நான், நம்புறது நீங்களா?”

அவள் தெய்வமணியிடம் போய்க் கல்லை இரவல் வாங்கிவந்தாள். ஒரே சட்டி, ஒரே அளவு தண்ணீர், கைத்தொலைபேசியில் மணிக்கூடு. கேஸில் பதினொரு நிமிடத்தில் கொதித்தது. விறகில் இருபது நிமிடம்; நாலு விறகு போனது. அடுப்பையும் சட்டியையும் ஆறவிட்டு, கல்லை உள்ளே வைத்து மறுபடி மூட்டினாள். இருபத்து நாலு நிமிடம், ஐந்து விறகு! மந்திரித்த கல் அடுப்பின் வாயைப் பாதி அடைத்துக்கொண்டு, தானும் சுகமாகக் குளிர்காய்ந்திருந்தது.

“அப்ப சாமிட அடுப்பில மட்டும் எப்பிடிக் கொதிக்குது?” சுபாகரன் விடவில்லை.

“அதத்தான் நானும் கேக்கிறன். போன வெள்ளி கும்பிடப் போனமே, அந்த அண்டாட அடியப் பாத்தீங்களா? பொட்டுக் கரி இல்ல. விறகில வைச்ச ஏனம் அப்பிடிப் பளபளக்கிறத நான் இன்னும் காணல்ல.”

அந்த வெள்ளிக்கிழமை அவள் மறுபடி கொட்டிலுக்குப் போனாள். உடுக்கும் சேமக்கலமும் காதைப் பிளந்தன. அண்டா கொதித்தது. சனம் “அரோகரா” என்றது. றஞ்சிதா கூட்டத்தைப் பிளந்துகொண்டு அடுப்படிக்கே போய்விட்டாள்.

“சாமி, இந்த விறக ஒருக்கா வெளிய எடுங்க பாப்பம்.”

அடிகள் கண்ணை உருட்டினார். “பெண்ணே! புனித அக்கினியைத் தீண்டாதே! பார்வை போய்விடும்!”

“புகையில பாதிப் பார்வை முந்தியே போயிற்று சாமி,” என்றவள், எரிந்த விறகை இழுத்து மணலில் குத்தினாள்.

சேமக்கலம் அடித்தவன் திகைத்துக் கையை நிறுத்தினான். உடுக்கும் நின்றது. விறகில்லாத அடுப்பில் தண்ணீர் மட்டும் முன்போலவே கொதித்துக்கொண்டிருந்தது. அந்த அமைதியில் “உஸ்ஸ்ஸ்” என்று ஒரு சத்தம் எல்லார் காதிலும் விழுந்தது.

முன்னால் நின்ற தெய்வமணி குனிந்து பார்த்தாள். களிமண்ணுக்குள்ளே நீலமாக, வட்டமாக, அழகாகச் செத்த நெருப்பு எரிந்தது! அடுப்படியிலிருந்து மணலுக்குள் ஒரு குழாய் போனது; அது போன வழியே அவள் ஓடிப்போய்க் கொட்டிலின் பின்திரையை இழுத்தாள்.

“ஐயோ, இது என்ட சிலிண்டர்!” என்று அலறினாள். அதற்கப்பால், கடலில் கரைந்துபோன பதினேழு கேஸ் அடுப்புகள் லொறியில் ஏற்றுவதற்குக் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தன.

அடிகளின் செந்தமிழ் அந்த இடத்திலேயே கழன்றது. “அடிச்சிராதீங்கப்பா, நான் பிள்ளகுட்டிக்காரன்!” என்று வேட்டியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார். சுபாகரன்தான் எட்டிப் பிடித்தான். மூன்று கிழமைக்குப் பிறகு அவன் கையில் பட்ட முதல் பெரிய மீன். பொலிஸ் வரும்வரை அடிகளை அவருடைய அடுப்புக்குப் பக்கத்திலேயே இருத்தி வைத்தார்கள்.

அப்போதும் கூட்டத்தில் ஒருவர், “ஒருவேளை சாமி கேஸையும் புனிதமாக்கிப்போட்டாரோ?” என்றார்.

தன் அடுப்பு தப்பிய நிம்மதியில் ஒருமுறை இருமிவிட்டு, றஞ்சிதா சனத்தைப் பார்த்தாள்.

“விறகில சமைங்க, கேஸில சமைங்க, அது உங்கட வசதி. ஆனா இவ்வளவு பேரும் கும்பிடக் குனிஞ்சீங்களே, அடுப்புக்குள்ள என்ன எரியுதெண்டு பாக்க ஒருத்தரும் குனியலியே!”