துரை இன்னும் கை கொடுக்கவில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நேரங்கெட்ட நேரத்தில், அதுவும் பென்சிலில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பேனாவின் பொத்தானை அமுக்கினால் உள்ளே தூங்குகிற என் பொடிசு எழுந்து கையை நீட்டுவாள். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

நீ வீடு மாறியபோது உன் நாய் துரையோடு அமுக்கினால் டிக்கென்று சத்தம் போடும் ஒரு கிளிக்கரும் நாய் பழக்கும் புத்தகமும் தந்தாய் அல்லவா? "அவன் காலைத் தூக்கின நொடியில டிக்குனு அமுக்கு, உடனே பிஸ்கட் துண்டு குடு, ஒரே வாரத்துல கை குடுப்பான்" என்றாய். அவன் தூக்கினால்தானே? அமுக்கினாலாவது தூக்குவான் என்று நான் முதலிலேயே அமுக்கிவைத்தேன். துரை கொட்டாவி விட்டான். மேசைக்கடியில் இருந்த பொடிசுதான் இடது கையைத் தூக்கினாள். இரண்டரை வயசுக் குழந்தை, பாவமே என்று ஒரு துண்டு கொடுத்தேன், அங்கேதான் குடி கெட்டது. மூன்றாம் நாள் வலது கையும் வந்துவிட்டது. துரையோ புத்தகத்தின் ஐந்தாம் அத்தியாயத்தைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டான்.

இன்று காலை பொடிசைச் சேர்க்கப் பள்ளிக்கூடத்தில் நேர்காணல். பன்னிரண்டே இடம், ஆறு மாதமாக எனக்குத் தூக்கமில்லை, உனக்குத் தெரியாததா? தலைமையாசிரியை பெயர் எழுதப் பேனாவை அமுக்கினார். டிக். பொடிசு இடது கையை மேசைமேல் வைத்தாள். அவர் சிரித்துக்கொண்டே குலுக்கிவிட்டு மறுபடி அமுக்கினார். வலது கை. பிறகு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். "பாப்பாவுக்குப் பசியாம்மா?" என்றார். "இல்ல மேடம், சாப்பிட்டுத்தான் வந்தோம்" என்று சொல்லி முடிப்பதற்குள் என் கை, பழக்கதோஷம், பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவள் வாயில் போட்டுவிட்டது. பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் சுவரிலிருந்த உலகப் படத்தில் ஏதோ நாட்டைத் தேட ஆரம்பித்தார். வெளியே வந்ததும், "நாய்க்கு இனிமே எதுவும் சொல்லித் தராதே தாயே, நம்ம வீட்டுல அது ஒண்ணுதான் ஒழுங்கா இருக்கு" என்றார்.

இடம் போனது போனதுதான். துரை, கிளிக்கர், மிச்சப் புத்தகம், மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போ. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் தங்கை

பி.கு.: மடிக்கப் போகும்போது இவர் போனைக் கொண்டுவந்து காட்டுகிறார். சாயங்காலமே வந்த செய்தியாம். இடம் கிடைத்துவிட்டது அக்கா! "சொல்லாமலே கேட்கும் பிள்ளை, பெற்றோரின் வளர்ப்பு பாராட்டத்தக்கது" என்று எழுதியிருக்கிறார்கள். ஒரே நிபந்தனை, பள்ளி திறப்பதற்குள் கழிவறைப் பழக்கம் வந்திருக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை வராதே, எல்லாம் இங்கேயே இருக்கட்டும். துரை தின்ற ஐந்தாம் அத்தியாயம் அதைப் பற்றியதுதான். உன்னிடம் இன்னொரு பிரதி இருக்கிறதா? சீக்கிரம் பதில் போடு.